புழுதியா, பிக்கப்பா? பழைய ஸ்போர்ட்ஸ் காரும் ஏர் ஃபில்டரும் – ஒரு வரலாறு

திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்தில், வத்தலக்குண்டுக்கும் பட்டிவீரன்பட்டிக்கும் அருகில் இருக்கும் பேரூராட்சி சேவுகம்பட்டி. கோடைக் காலத்தில் அந்தப் பக்கம் வயல் பாதையில் ஒரு டிராக்டர் போனால் பின்னால் கிளம்பும் புழுதி அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தப் புழுதியை டிரைவர் மட்டும் சுவாசிப்பதில்லை. எஞ்சினும் சேர்ந்துதான் சுவாசிக்கிறது. டிரைவராவது துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். எஞ்சினுக்கு இருக்கும் ஒரே துண்டு ஏர் ஃபில்டர்தான்!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடையே ஓயாத ஒரு வாக்குவாதம் உண்டு. கார் கம்பெனி பொருத்திக் கொடுத்த ஏர் ஃபில்டரையே வைத்துக்கொள்வதா, அல்லது பவர் கூடும் என்று சொல்லி வெளியில் விற்கும் ஃபில்டரை வாங்கிப் போடுவதா? பார்ப்பதற்கு இது ஐந்து நிமிட வேலை. நாலு திருகைக் கழற்றினால் போதும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருடத்திற்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் டிராக்டர் இருக்கிறது, போர் விமானம் இருக்கிறது, சென்னையில் தயாரான ஒரு காரும் இருக்கிறது.

எஞ்சின் எவ்வளவு காற்று குடிக்கிறது?

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று மிக லேசானது என்பதால் இதை லிட்டரில் சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று! லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் ஒரு பழைய கார் போகவர 120 கிலோமீட்டர் ஓடினால் பத்து லிட்டர் பெட்ரோலோடு 90,000 லிட்டர் காற்றையும் உள்ளே இழுத்திருக்கும்.

அந்தக் காற்றோடு வரும் தூசியில் பெரும்பகுதி மணல் துகள். மணல் இரும்பையே தேய்க்கும். கண்ணுக்குத் தெரியும் பெரிய துகளை விட, தெரியாத நுண் துகள்தான் அதிக ஆபத்து. தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். 5 முதல் 20 மைக்ரான் அளவுள்ள துகள் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் போய் உட்கார்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பிறகு அதே துகள் ஆயிலில் கலந்து பேரிங் வரைக்கும் போகும். விளைவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆயில் குறையும், சைலன்சரில் நீலப் புகை வரும், மெக்கானிக் "போர் தேஞ்சு போச்சு சார், எஞ்சின் இறக்கணும்" என்பார்.

டிராக்டர் கற்றுத் தந்த பாடம்

ஆரம்ப காலக் கார்கள் பலவற்றில் ஏர் ஃபில்டரே கிடையாது. கார்புரேட்டரின் வாய் திறந்தே இருக்கும். அந்த எஞ்சின்களின் ஆயுளும் குறைவு, வேகமும் குறைவு என்பதால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கவலைப்பட வைத்தது டிராக்டர். நாள் முழுவதும் உழவுப் புழுதிக்கு நடுவில் ஓடவேண்டிய எஞ்சின் அது. அமெரிக்காவில் புல் டிராக்டர் கம்பெனியின் விற்பனையாளராக இருந்த ஃபிராங்க் டொனால்ட்சன் என்பவர், புழுதியால் டிராக்டர் எஞ்சின்கள் வீணாவதைப் பார்த்து 1915ல் ஒரு ஏர் கிளீனரை உருவாக்கினார். அவர் பெயரில் தொடங்கிய நிறுவனம் இன்றும் ஃபில்டர் தயாரிக்கிறது. விற்க வந்தவர்தான் விற்ற பொருளின் குறையை முதலில் பார்த்தார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

அதன்பின் பரவலாக வந்தது ஆயில் பாத் ஏர் கிளீனர். இதன் வேலை மிக எளிமையானது. ஒரு கிண்ணத்தில் ஆயில் இருக்கும். உள்ளே வரும் காற்று அந்த ஆயிலுக்கு மேலே வந்து சட்டென்று திரும்பி மேல்நோக்கிப் போக வேண்டும். காற்று லேசானது, திரும்பிவிடும். கனமான தூசி திரும்ப முடியாமல் ஆயிலில் விழுந்துவிடும். மிச்சத்தை ஆயில் நனைந்த கம்பி வலை பிடித்துக்கொள்ளும். ஜீப்பிலும் வோக்ஸ்வாகன் பீட்டிலிலும் இருந்தது இதுதான். பழைய டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் இன்றும் அந்தக் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் படிந்த சேற்றை வழித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுவார்கள். எஞ்சினுக்குள் போயிருக்க வேண்டிய சேறு எவ்வளவு என்று அவர்களுக்குக் கண்ணால் பார்த்தே தெரியும்.

1950களிலும் 60களிலும் மடிப்பு மடிப்பாக மடித்த காகித ஃபில்டர் கார்களில் பரவியது. இது ஆயில் கிண்ணத்தை விட நுண்ணிய தூசியைப் பிடித்தது. எஞ்சின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் ஒரே மாதிரி வேலை செய்தது. அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போட வேண்டியதுதான். இன்றைக்கு "கம்பெனி ஃபில்டர்" என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் காகித ஃபில்டரைத்தான்.

பாலைவனத்தில் ஸ்பிட்ஃபயர்

வேகம் வேண்டுமா, எஞ்சின் ஆயுள் வேண்டுமா என்ற கேள்வி உயிர்ப் பிரச்சினையாகவே மாறியது இரண்டாம் உலகப் போரில். பிரிட்டனின் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் போர் விமானம் குளிர்ந்த, ஈரமான நாட்டிற்காக வடிவமைக்கப்பட்டது. 1942ல் அதை மால்டா தீவுக்கும் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கும் அனுப்பவேண்டி வந்தது. அங்கே பல ஓடுபாதைகள் வெறும் மண் தரைதான். ஒரு விமானம் கிளம்பினால் பின்னால் வரும் விமானம் முழுவதும் மணல் மேகத்திற்குள் போகும்.

அதனால் விமானத்தின் மூக்குக்குக் கீழே வோக்ஸ் என்ற நிறுவனத்தின் பெரிய ஃபில்டர் ஒன்றைப் பொருத்தினார்கள். பார்ப்பதற்குத் தாடை வீங்கியது போல இருக்கும். எஞ்சின் பிழைத்தது, ஆனால் விமானத்தின் வேகமும் மேலேறும் திறனும் குறைந்தன. எதிரி விமானத்தைத் துரத்தும் விமானிக்கு இது சின்ன விஷயமா? இல்லவே இல்லை. ஆனாலும் ஃபில்டரைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. ஏனென்றால் அது இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் விமானமே பறக்காது. அதற்குப் பதிலாக, எகிப்தில் அலெக்சாண்டிரியா அருகே அபூக்கிர் என்ற இடத்தில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் பராமரிப்புப் பிரிவு, சிறிதாகவும் நேர்த்தியாகவும் இருக்கும் வேறொரு ஃபில்டரைத் தாங்களே செய்து பொருத்தினார்கள். இன்றைய மொழியில் சொன்னால் கம்பெனி ஃபில்டருக்குப் பதில் "வெளி ஃபில்டர்"!

பின்னாளில் வந்த ஸ்பிட்ஃபயர்களில் இன்னும் நல்ல வழி கண்டார்கள். தரையை ஒட்டி ஓடும்போது காற்று ஃபில்டர் வழியாக வரும். உயரே போனதும் ஃபில்டரைத் தவிர்த்து நேராக வரும். மேலே தூசி இல்லையே! இதில் கார்காரர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. விமானம் தூசியை விட்டு மேலே போய்விடும். கார் எப்போதும் தரையில்தான் ஓடும்.

சென்னையில் தயாரான தம்பி

ஸ்பிட்ஃபயர் என்ற பெயரிலேயே 1962ல் பிரிட்டனில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இரண்டு பேர் உட்காரும் திறந்த கார், 1147 சி.சி. எஞ்சின், இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர், 63 குதிரைத்திறன். இதற்கு அடிப்படையாக இருந்தது 1959ல் வந்த டிரையம்ப் ஹெரால்டு என்ற குடும்பக் கார். ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி.

அந்த ஹெரால்டு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1961 முதல் சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொழிற்சாலையில் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்ற பெயரில் தயாரானது. அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு ஆகிய மூன்றும்தான் அந்தக் காலத்து இந்தியச் சாலையின் கார்கள். இங்கே தயாரானதில் இருந்தது 948 சி.சி. எஞ்சின். பிரிட்டனில் அது வெளிவந்தபோது ஒற்றைக் கார்புரேட்டரோடு சுமார் 35 குதிரைத்திறன்தான். ஸ்பிட்ஃபயரின் எஞ்சினும் இதே குடும்பம். 1953ல் ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 சி.சி.யாகத் தொடங்கி, 948, 1147, 1296 என்று வளர்ந்து 1493 சி.சி. வரை போன குடும்பம் அது. ஆக, வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காருக்கும் வண்டலூர்க் காருக்கும் உறவு அண்ணன் தம்பி உறவு.

ஹெரால்டுக்குப் பின் கெஸல் என்ற கார் 1970களில் வந்தது. 1985ல் வந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடவில்லை. 1980களின் முடிவில் தொழிற்சாலையே மூடப்பட்டது. இந்தச் செய்திக்கும் ஏர் ஃபில்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கம்பெனி இருந்தபோது எஞ்சின் தேய்ந்தால் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் கடையில் கிடைத்தன. கம்பெனி மூடிய பிறகு ஒவ்வொரு பாகத்தையும் தேடித் திரிய வேண்டும், அல்லது பிரிட்டனிலிருந்து தருவித்துச் சுங்க வரியும் கட்ட வேண்டும். சிலிண்டரை ரீபோர் செய்வதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. எஞ்சின் தேய்மானத்தின் விலை அன்றை விட இன்று பல மடங்கு.

சோழவரத்தின் கணக்கு

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் கார், பைக் பந்தயங்களை நடத்தியது. கோவை கரிவரதன் போன்ற புகழ்பெற்ற பந்தய வீரர்கள் ஓட்டிய இடம் அது. 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் புதுப் பந்தயப் பாதை வரும்வரை சோழவரம்தான் தென்னிந்தியப் பந்தயத்தின் தலைநகர். வெளிநாட்டுக் கார் இறக்குமதி எளிதாக இல்லாத காலம் என்பதால் ஃபியட்டையும் ஹெரால்டையுமே பிரித்து மேய்ந்து, பந்தயக் காராக மாற்றி ஓட்டினார்கள்.

பந்தயக்காரருக்கு ஏர் ஃபில்டர் ஒரு தடை. உலகம் முழுவதுமே பந்தயத்தில் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரில் புனல் மாதிரி குழாய் வைப்பது வழக்கமாக இருந்தது. அது தவறும் அல்ல. ஏனென்றால் பந்தயக்காரரின் கணக்கு வேறு. அவர் எப்போதும் ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதிப்பவர். ஒரு சுற்றில் அரை வினாடி கிடைத்தால் அவருக்கு அது கோப்பை. சில பந்தயங்கள் முடிந்ததும் எஞ்சினைப் பிரித்துப் புது ரிங் போட்டுவிடுவார். தேய்மானம் அவருக்குத் தெரிந்தே செய்யும் செலவு.

சாலையில் ஓட்டுபவர் பந்தயக்காரரின் ஃபில்டரை மட்டும் எடுத்துக்கொள்கிறார். எஞ்சினைப் பிரிக்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்வதில்லை. வம்பு தொடங்குவது இங்கேதான்!

1969: துவைத்துப் போடும் ஃபில்டர்

இன்று வெளி ஃபில்டர் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது கே அண்ட் என். 1969ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ரிவர்சைடில் கென் ஜான்சன், நார்ம் மெக்டொனால்டு என்ற இருவர் தொடங்கியது. இருவரும் மோட்டார் சைக்கிள் வியாபாரத்தில் இருந்தவர்கள். ஆயிலில் நனைத்த பருத்தித் துணியைக் கம்பி வலைக்கு நடுவில் மடித்து வைப்பதுதான் இந்த வகை ஃபில்டரின் அடிப்படை. காகிதம் சல்லடை போல நுண்துளையால் தூசியைத் தடுக்கிறது. பருத்தி ஃபில்டரில் துளை பெரிது, ஆனால் ஆயில் ஒட்டிய நூல்களுக்கிடையே வளைந்து வளைந்து போகும்போது தூசி ஒட்டிக்கொள்கிறது. அழுக்கானால் கழுவி, காயவைத்து, மறுபடி ஆயில் தடவிப் போடலாம்.

இது ஏமாற்று வேலை அல்ல. மண் பாதையில் பைக் ஓட்டுபவர்களின் தேவையிலிருந்து வளர்ந்த பொருள் இது. ஒழுங்காகப் பராமரித்தால் நல்ல வேலையும் செய்யும். கேள்வி என்னவென்றால், பழைய காரில் இதனால் எவ்வளவு லாபம், எவ்வளவு நஷ்டம்?

லாபக் கணக்கு

நல்ல நிலையில் இருக்கும் காகித ஃபில்டர் முழு வேகத்தில் காற்றுக்குத் தரும் தடை, வளிமண்டல அழுத்தத்தில் ஒன்றிரண்டு சதவீத அளவுதான். அந்தத் தடை முழுவதும் நீங்கினாலும் 35 குதிரைத்திறன் ஹெரால்டுக்கு ஒரு குதிரை கூடக் கிடைக்காது. 63 குதிரைத்திறன் ஸ்பிட்ஃபயருக்கு ஒன்றுக்குச் சற்று மேல். அதுவும் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால்தான். பாதி மிதித்து ஓட்டும்போது கார்புரேட்டரின் திராட்டில் தகடே காற்றைத் தடுத்துக்கொண்டிருக்கும், ஃபில்டர் எதுவாக இருந்தாலும் வித்தியாசம் தெரியாது.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் சேவுகம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறிப் பார்க்கலாம். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மலை எடுத்துக்கொள்ளும் பவருக்கு முன்னால் ஃபில்டர் எடுத்துக்கொள்வது தூசிக்குச் சமம்.

ஆனால் அடைத்துப்போன ஃபில்டர் வேறு விஷயம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009ல் வெளியிட்ட ஆய்வில், புதிய எலக்ட்ரானிக் எஞ்சின்களில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறையவில்லை, பிக்கப்தான் குறைந்தது என்று தெரிந்தது. பழைய கார்புரேட்டர் எஞ்சினில் மைலேஜும் சில சதவீதம் பாதிக்கப்பட்டது. "புது ஃபில்டர் போட்டதும் கார் பறக்கிறது" என்று சொல்பவர்களில் பலர் கழற்றிப் போட்டது பல வருடம் அடைத்துக் கிடந்த ஃபில்டராக இருக்கும். அவர்கள் நூறு, இருநூறு ரூபாய்க் காகித ஃபில்டர் போட்டிருந்தாலும் கார் பறந்திருக்கும்!

நஷ்டக் கணக்கு

ஏர் ஃபில்டரைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற உலகத் தரநிலை இருக்கிறது. அளந்து எடுத்த சோதனைத் தூசியை ஃபில்டர் வழியாக அனுப்பி, எவ்வளவு தாண்டி வந்தது என்று எடை போடுவார்கள். ஒரு ஃபில்டர் 99 சதவீதம் பிடிக்கிறது, இன்னொன்று 97 சதவீதம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மார்க்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் எஞ்சினின் பக்கம் நின்று பாருங்கள். 100 கிராம் தூசியில் முதல் ஃபில்டர் 1 கிராம் உள்ளே விடுகிறது, இரண்டாவது 3 கிராம் விடுகிறது. எஞ்சின் தின்னும் மண் மூன்று மடங்கு!

இது தவிர, கம்பெனி பெட்டியை எடுத்துவிட்டுத் திறந்த ஃபில்டர் வைத்தால் வேறு சில விஷயங்களும் மாறும்.

முதலாவது சூடு. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் எஞ்சின்களில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. திறந்த ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே இழுக்கும். 40 டிகிரி காற்றுக்குப் பதில் 70 டிகிரி காற்று போனால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறைவு. ஃபில்டரில் கிடைத்த ஒன்றிரண்டு சதவீதம் அதிலேயே போய்விடும்.

இரண்டாவது கலவை. காற்று எளிதாக வந்தால் பெட்ரோல் விகிதம் மாறும். எஸ்.யூ. கார்புரேட்டராக இருந்தால் ஊசியையே மாற்ற வேண்டி வரலாம். அதன் முகப்பில் இருக்கும் சிறு துளைகளைப் புது ஃபில்டரின் கேஸ்கெட் அடைத்துவிட்டால் பிஸ்டன் சரியாக எழும்பாது, பிக்கப் கூடுவதற்குப் பதில் குறையும்.

மூன்றாவது பிரீதர் குழாய். பல பழைய எஞ்சின்களில் கிராங்க் கேஸின் மூச்சுக்குழாய் ஃபில்டர் பெட்டியில்தான் வந்து சேரும். பெட்டியை எடுத்துவிட்டு அதை அப்படியே தொங்கவிட்டால், முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். புழுதி நேராக ஆயிலுக்குள் போகும்.

நான்காவது சத்தம். கம்பெனி பெட்டி காற்று இழுக்கும் ஓசையையும் அடக்குகிறது. அதை எடுத்ததும் எஞ்சின் உறுமும். உறுமலைக் கேட்டதும் பவர் கூடிவிட்டது என்று மனம் நம்பிவிடும். காது சொல்வதைக் கடிகாரம் வைத்துச் சரிபார்த்தால் பல சமயம் ஏமாற்றமே மிஞ்சும்.

யாருக்கு எது?

பந்தயப் பாதைக்கு மட்டும் போகும் கார் என்றால், கார்புரேட்டரைச் சரிசெய்து, குளிர்ந்த காற்றுக்கு வழிசெய்து, எஞ்சின் வேலைக்கும் பணம் ஒதுக்கி வைத்துக்கொண்டு வெளி ஃபில்டர் போடலாம். கம்பெனி பெட்டி தொலைந்துபோன கார் என்றாலும் வேறு வழியில்லை. அப்போது நல்ல தரமான ஃபில்டராக, இடைவெளி இல்லாமல் உட்காரும் அளவாகப் பார்த்து வாங்க வேண்டும். எவ்வளவு உயர்ந்த ஃபில்டராக இருந்தாலும் ஓரத்தில் ஒரு சின்னச் சந்து இருந்தால் அத்தனையும் வீண். பருத்தி ஃபில்டரைப் பெட்ரோலில் அலசக் கூடாது, ஆயில் தடவாமல் மாட்டவும் கூடாது.

சேவுகம்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு போன்ற இடங்களில் அன்றாடம் மண் சாலையில் இறங்கி ஏறும் பழைய காருக்குக் கம்பெனி பெட்டியும் நல்ல காகித ஃபில்டரும்தான் பொருத்தம். புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் தார்ச்சாலைக்கானது. இங்கே அதற்கு முன்பே கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். காற்றழுத்தக் குழாயை நெருக்கமாக வைத்து அடித்தால் காகிதம் கிழியும். கிழிந்த ஃபில்டர் இல்லாத ஃபில்டருக்குச் சமம்.

ஆயில் கிண்ணத்துச் சேற்றைக் கையால் வழித்துப் போடும் டிராக்டர்காரரிடம் இந்த வாக்குவாதத்தைக் கேட்டால் ஒரே கேள்விதான் கேட்பார்: "எஞ்சின் இறக்கினா எவ்வளவு ஆகும்?" வண்டலூரில் தொழிற்சாலை மூடி முப்பது வருடத்திற்கு மேல் ஆன பிறகு, ஒரு ஹெரால்டுக்காரருக்கு அந்தக் கேள்வியின் பதில் பணத்தில் மட்டும் இல்லை. பாகம் கிடைக்குமா என்பதிலும் இருக்கிறது. அதை முதலில் விசாரித்துவிட்டு, பிறகு ஃபில்டர் கடைக்குப் போவது நல்லது.